வாசலில் கூப்பிடும் சொல்

அரிசியைக் கடன் கொடுத்தால் பானை காலியாகும், மாட்டைக் கொடுத்தால் தொழுவம் காலியாகும், சொல்லைக் கடன் கொடுத்தால் மட்டும் கொடுத்தவனுக்கு நஷ்டமே இல்லை, அது இரண்டு வாயிலும் இருக்கும் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. சொன்னவர்கள் யாரும் எங்கள் தீவில் பாதங்காஸ் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். வந்து மக்காரியாவிடம் கேட்டிருந்தால் துணி வெளுக்கும் கட்டையாலேயே பதில் வாங்கியிருப்பார்கள்.

ஸ்பானியரை விரட்டத் துணைக்கு வருகிறோம் என்று வந்த அமெரிக்கர்கள், விரட்டி முடித்ததும் போகவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான். ஊர் ஆண்கள் துப்பாக்கியோடு மலைக்குப் போனார்கள். போனவர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று, சுற்றுப்பட்டுக் கிராமங்களையெல்லாம் கொளுத்திவிட்டு, சனங்களை எங்கள் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அடைத்தார்கள். ஊரைச் சுற்றி ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் சுடுவார்கள். மனிதனா மாடா என்று பார்ப்பதில்லை.

மக்காரியாவின் வீடு கோட்டுக்கு உட்பட்ட கடைசி வீடு. அதற்கப்புறம் ஆறு. மூங்கில் கால்களின் மேல் நிற்கும் ஓலை வீடு, ஏற ஒரு மூங்கில் ஏணி, அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லை. புருஷன் சிக்ஸ்தோ மலையில். "உன் புருஷன் எங்கே?" என்று எந்தச் சிப்பாய் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "புந்தோக்." மலை. எந்த மலை, எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று கேட்டாலும் அதே புந்தோக். அது பதிலே இல்லை, முகத்தில் சாத்துகிற கதவு. சிப்பாய்கள் அதை ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்தார்கள்.

மக்காரியா சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தாள். வயிற்றுக்காகத்தான், ஆனால் வயிற்றுக்காக மட்டுமல்ல. வெளுக்கிறவள் ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று அவர்களே அனுமதி கொடுத்திருந்தார்கள். கேப்டனின் கால்சட்டைக்குள் அரிசியைச் சுருட்டி, கருவாட்டைச் செருகி, கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். கரையிலிருந்த ஆலமரத்து வேரடியில் ஒரு பொந்து. அரிசி பொந்துக்குள் போகும், கால்சட்டை கல்லுக்குப் போகும். கேப்டனின் பின்பக்கத்தில் கருவாட்டு நாற்றம் ஏன் வருகிறது என்பது அந்தப் பட்டாளத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் விரலை நீட்டி "இது என்ன? இது என்ன?" என்பார்கள். முதலில் பெண்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒருவன் கோழிமுட்டையைக் காட்டிப் பேர் கேட்டான். மருத்துவச்சி இலாரியா, பிரசவம் பார்ப்பதிலும் வாய்ச்சண்டையிலும் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை, முகத்தைச் சுளிக்காமல் "சொறிநாய்" என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் சந்தையில் போய் நின்று, "அம்மா, நல்ல பெரிய சொறிநாயா ரெண்டு குடு" என்றான். சந்தை முழுக்கச் சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு யாரோ அவனுக்கு அர்த்தம் சொன்னார்கள். அவன் திரும்பி வந்து, விற்றவளின் கூடையை எட்டி உதைத்து, ஒவ்வொரு முட்டையாகப் பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுப் போனான். அவள் பாவம், ஒன்றும் அறியாதவள்.

அன்று ஆற்றங்கரையில் இலாரியா சட்டம் போட்டாள்.

"இனி பொய்யும் வேண்டாம், நிஜமும் வேண்டாம். இவனுங்களுக்கு ஒரு வார்த்த கூடக் குடுக்காதீங்கடி. கேட்டா வாயப் பொத்திக்கிட்டு நில்லுங்க. நெல்லு போச்சு, மாடு போச்சு. நாக்கு மட்டுந்தான் மிச்சம்."

"கேட்டுக்கிட்டே இருக்கானே அக்கா, அந்த நெட்டையன்?" என்றாள் மக்காரியா.

"எருமைய மேய்க்கிறவன் அதுகிட்ட பேசிக்கிட்டா இருக்கான்? தலைய ஆட்டு, துணியத் துவை."

நெட்டையன் என்றது ஹாலிஸை. அவன் கார்ப்பரல். டெக்சாஸ் நாட்டான். மற்றவர்கள் போக்கிரிகள் என்றால் இவன் சிரித்த முகத்துப் போக்கிரி. அவனுக்கும் மக்காரியாவுக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை ஸ்பானிஷ். அவன் எல்லையோரத்து மாட்டுக்காரர்களிடம் பொறுக்கியது. அவள் பாதிரியார் வீட்டில் வேலை பார்த்தபோது வசவாக வாங்கியது. அந்த ஓட்டைப் பானையில்தான் இருவரும் பேச்சைச் சமைத்தார்கள்.

சட்டை வாங்க வந்தால் உடனே போக மாட்டான். ஏணிப்படியில் உட்கார்ந்துகொண்டு பீற்றிக்கொள்வான்.

"எங்க பாஷைக்கு வயிறு பெருசு, தெரியுமா? மாட்டுக்குப் போடுற சுருக்குக் கயித்துக்கு மெக்சிகோக்காரன் சொல்லு. புகையிலைக்கு எங்க பக்கத்துத் தீவுக்காரன் சொல்லு. காப்பிக்கு அரபுக்காரன் சொல்லு. வாயிலே போட்டா ரெண்டு நாள்ல எங்களுதாயிடும்."

"கேட்டு வாங்குனீங்களா?"

"சொல்லை யாராவது கேட்டு வாங்குவாங்களா?"

"அதானே. அரிசியையே கேட்டு வாங்கல."

அவன் அதற்கும் சிரித்தான். அவனுக்குச் சுட்டது எது, சுடாதது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதுதான் மக்காரியாவுக்கு அவன் மேல் வந்த வெறுப்பில் பாதி.

அவனிடம் மரியாதை என்ற பேச்சே இல்லை. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் ஏணியடியில் நின்று "தாவோ போ" என்று குரல் கொடுக்க வேண்டும். மனுஷன் வந்திருக்கேனுங்க என்று பொருள். அந்தப் "போ" மரியாதைக்குச் சேர்ப்பது. இருட்டில் பேய் பிசாசு வந்து நின்றாலும் அதற்கு இந்தச் சொல் வாயில் வராது என்று எங்கள் முன்னோர் நினைத்தார்கள். உள்ளிருப்பவர் "தூலோய் போ", உள்ளே வாங்க, என்று சொல்லியாக வேண்டும். பகையாளியாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்; சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். சிப்பாய்கள் கூப்பிட மாட்டார்கள். தடதடவென்று பூட்ஸோடு ஏறுவார்கள். அதுவும் ஒரு விதத்தில் வசதியாகத்தான் இருந்தது. கூப்பிட்டு வருகிறவன் நம் ஆள், கூப்பிடாமல் வருகிறவன் அமெரிக்கன். மலையிலிருந்து யாராவது வந்து ஒளிந்திருக்கிற வீடுகளில் இந்தக் கணக்கை வைத்துத்தான் உயிர் பிழைத்தார்கள்.

சிக்ஸ்தோவுக்கு அந்தச் சொல் ஒரு விளையாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வழக்கப்படி மாமனார் வீட்டில் உழைத்துக் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான். தினமும் காலையில் தோளில் மூங்கில் குழாய்த் தண்ணீரோடு ஏணியடியில் நின்று, பிச்சைக்காரன் குரலில் இழுத்து, "தாவோ போ…" என்பான். உள்ளேயிருந்து மக்காரியா, "இங்க பிச்சை கிடையாது, அடுத்த வீட்ட பாரு" என்பாள். கல்யாணமான பிறகும் அவன் விடவில்லை. சொந்த வீட்டு ஏணியடியில் நின்று அதே இழுப்பு. அவளும் விடவில்லை, அதே பதில். தெருவே கேட்டுச் சிரிக்கும்.

ஒரு நாள் மத்தியானம் மக்காரியா கால்சட்டைக்குள் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஏணி கிறீச்சிட்டது. நிமிர்வதற்குள் ஹாலிஸின் தலை வாசலில் முளைத்துவிட்டது. சட்டென்று கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பயம் வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

"நீ என்ன பன்னியா? கதவு திறந்திருந்தா மூக்கை நுழைச்சிருவியா? உன் அம்மா வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் ஏறுவியா?"

"என் சட்டை…"

"சட்டையும் மண்ணும்! பொம்பள தனியா இருக்கிற வீடு. கீழ நில்லு. நின்னு கூப்பிடு. மனுஷன் மாதிரி கூப்பிடு. நான் வான்னு சொன்னா ஏறு, சொல்லலேன்னா நில்லு!"

"எப்படிக் கூப்பிடுறது?" என்றான் அவன், ஆவலோடு.

வாயிலிருந்து வந்துவிட்டது. கோபத்தில் பாதி, புத்தியில் பாதி. இவன் கீழே நின்று கூப்பிட்டால், அரிசியை மறைக்க அவளுக்கு நேரம் கிடைக்கும் அல்லவா? பன்றிக்கு மணி கட்டுகிற மாதிரிதானே? அப்படித்தான் அவள் நினைத்தாள். ஏணியடியில் அவனை நிற்க வைத்து, தொப்பியைக் கழற்றச் சொல்லி, "தாவோ போ" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

அடுத்த முறை வந்தபோது தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டான். "டௌ போ! டௌ போ!" கோழிகள் சிதறி ஓடின. பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். மக்காரியா அரிசியை மறைத்துவிட்டு, ராணி மாதிரி வாசலில் வந்து நின்று, "தூலோய்" என்றாள். "போ" சேர்க்கவில்லை, அவ்வளவு மரியாதை அவனுக்கு வேண்டியதில்லை.

இலாரியா மட்டும் சிரிக்கவில்லை.

"குடுத்துட்டியாடி?"

"பன்னிக்கு மணி கட்டியிருக்கேன் அக்கா. வர்றது முன்னாடியே தெரியுமில்ல?"

"மணியக் கழட்டி அது வேற எவன் கழுத்துல மாட்டும்னு உனக்குத் தெரியுமா?"

"இவன் நாக்குக்கு அது நம்ம ஊரு மாதிரி வரவே வராது. நீ பயப்படாத."

வந்தது. அதுதான் கொடுமை. அவன் காது நல்ல காது. முட்டைச் சம்பவத்துக்குப் பிறகு எந்தச் சொல்லையும் மூன்று பேரிடம் உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வான். "டௌ" மெல்ல மெல்லத் "தாவோ" ஆயிற்று. கடைசியில் சற்றே ஏறி இறங்குகிற எங்கள் ஊர் இழுப்பும் வந்து சேர்ந்தது. வாரம் ஒரு முறை மக்காரியாவே அதைத் திருத்தவும் செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தப்பாகக் கேட்டால் காது வலிக்கிறது என்று அவளுக்கு ஒரு திமிர்.

நல்லெண்ணெய்போல் வழிந்துகொண்டு ஒரு நாள் அவன் சொன்னான்: "உங்க புந்தோக்கை எங்க ஆளுங்க எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. பூன்டாக்ஸ். எந்தக் காட்டுக்குப் போனாலும், எந்தச் சேத்துல மாட்டுனாலும் பூன்டாக்ஸ்தான். ஊருக்குக் கொண்டுபோவோம். டெக்சாஸ்ல பட்டிக்காட்டை எல்லாம் இனி அப்படித்தான் சொல்லப்போறோம். உனக்குப் பெருமைதானே?"

மக்காரியாவுக்கு உடம்பு எரிந்தது. தன் புருஷன் பட்டினி கிடக்கிற மலை. அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று ஊர்ப் பெண்கள் சாத்திய கதவு. அதைப் பெயர்த்துக்கொண்டுபோய் இவன் ஊரில் நாலு சோம்பேறிகள் எதையோ திட்டப் பயன்படுத்தப்போகிறார்கள்.

"வேற ஏதாவது மிச்சம் இருக்கா, எடுத்துட்டுப் போக?" என்றாள்.

"பார்ப்போம்" என்றான் அவன், ரொம்ப சந்தோஷமாக.

சிக்ஸ்தோ வந்தது மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில். ஆற்றில் மூழ்கி மூழ்கி வந்திருந்தான். அன்று விளையாட்டுக்கு "தாவோ போ" சொல்லக்கூட அவனிடம் தெம்பு இல்லை. மலைக்காய்ச்சல். தொட்டால் கை பொசுங்கியது, பல் தந்தியடித்தது. அவனை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடத்தி, இருக்கிற பாயையெல்லாம் மேலே போட்டாள்.

"ரெண்டு நாளு போதும்டி" என்றான். "எந்திரிச்சு நடந்துட்டா போயிருவேன்."

"வாய மூடிக்கிட்டுப் படு. இந்த நிலையில நீ மலை ஏறப் போறியா? அந்த மலைதான் உன் மேல ஏறும்."

அவனுக்கு வேண்டியது ஏழிலைப்பாலைப் பட்டைக் கஷாயம். பட்டை இலாரியாவிடம் இருந்தது. மக்காரியா காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்கால ஜெப மணி அடித்ததும் இலாரியாவின் தம்பி பியோ கொண்டுவந்து தருவான் என்று ஏற்பாடு. பியோ ஒரு கால் ஊனம். அதனால்தான் அவன் மலையில் இல்லை, ஊரில் இருந்தான்.

மணி அடித்தது. எங்கள் ஊரில் அந்த மணிக்கு எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று ஜெபம் சொல்வார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஒரு கோழிக்குஞ்சும் நடமாடாது. நடமாடியது பட்டாளம். பூட்ஸ்களைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, கோயில் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீடாக. கேப்டனுக்கு யோசனை சொன்னது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வீட்டடியில் நின்று, நல்ல குரலில், நல்ல இழுப்போடு, "தாவோ போ." உள்ளேயிருந்து "தூலோய் போ." கதவு திறந்தது, ஒளிந்திருந்த ஆள் பிடிபட்டான். அடுத்த வீடு, "தாவோ போ." "தூலோய் போ." இலாரியாவின் வீட்டிலும் அப்படித்தான். அவளே வாய் திறந்து வாங்க என்று சொன்னாள், சட்டம் போட்டவள். உள்ளே பியோ இடித்த பட்டையைத் துணியில் முடிந்துகொண்டு புறப்படத் தயாராக நின்றிருந்தான். யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்கள். அந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. அவன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, தெருவில் மீதமிருந்த கடைசி வீட்டுக்கு நடந்தார்கள்.

மக்காரியா ஈரத்துணியைப் பிழிந்து சிக்ஸ்தோவின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே குரல் கேட்டது.

"தாவோ போ."

மெதுவான குரல். பியோ வந்துவிட்டான் என்று அவளுக்கு உயிரே வந்தது. தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டே, முழு மரியாதையோடு, "தூலோய் போ, தூலோய்" என்றாள்.

வாசலில் முதலில் தெரிந்தது கையில் பிடித்த தொப்பி. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றியிருந்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

நான்கு பேர் சேர்ந்து சிக்ஸ்தோவைப் பாயோடு இழுத்தார்கள். அவள் கட்டையை எடுத்து ஒருவன் முழங்கையைப் பேர்த்தாள். அவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் இடித்தான். ஏணியில் இறக்கும்போது சிக்ஸ்தோ காய்ச்சல் கண்ணோடு திரும்பிப் பார்த்து, "யாருடி அவனுக்குச் சொல்லிக்குடுத்தது? நம்ம ஆளு மாதிரியே கூப்பிடுறான்" என்றான். குறையாகக் கேட்கவில்லை, அதிசயமாகக் கேட்டான்.

மறுநாள் ஆற்றங்கரையில் மக்காரியாவுக்குக் கல் கிடைக்கவில்லை. அவள் போய் நின்ற கல்லிலெல்லாம் யாரோ ஒருத்தி கூடையை வைத்தாள். எந்தெந்த வீட்டில் ஆள் போயிற்றோ அந்த வீட்டுப் பெண்கள் அவள் நிழல் படாமல் தள்ளிப் போனார்கள். இலாரியா மட்டும் நேரே வந்தாள்.

"பாடம் நல்லா நடத்துனடி வாத்தியாரம்மா. உன் மாணாக்கன் முதல் வகுப்புல தேறிட்டான்."

"அக்கா…"

"யாருக்குடி அக்கா? என் வாயாலயே என் தம்பிய எடுத்துக் குடுக்க வச்சியே. என் வீட்டுப் படிய மிதிச்சே, கால ஒடிப்பேன்."

அன்றே மத்தியானம் ஹாலிஸ் சட்டைக்கு வந்தான். ஏணியடியில் நின்று கூப்பிட்டான். மக்காரியா வாயைத் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். மறுபடி. பிறகு அவனாகவே ஏறி வந்து, வாசலோரம் தலையைச் சாய்த்து நின்றான்.

"கூப்பிட்டேனே. நீ பதில் சொல்லலையே" என்றான். மனத்தாங்கலாகவே சொன்னான், படுபாவி.

"என் புருஷன் எங்கே?"

"அது வேற ஆளுங்க வேலை. விசாரிக்கிறாங்க. துப்பாக்கியெல்லாம் எங்க இருக்குன்னு சொன்னா விட்டுருவாங்க. நான் யாரையும் அடிக்கல. நான் கூப்பிட்டேன், அவ்வளவுதான்."

அவள் சட்டைகளை எடுத்து ஏணிக்குக் கீழே சேற்றில் வீசினாள். அவன் இறங்கிப் போய்ப் பொறுக்கி எடுத்து உதறிக்கொண்டு போனான். அடுத்த வாரம் அதே சட்டைகளைக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டுப் போனான். அவள் வெளுத்தாள். வெளுக்காவிட்டால் அரிசிப் படி கிடையாது, வேறென்ன செய்வாள்? அன்றிலிருந்து பகலிலும் ஏணியை மேலே இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் பியோவை விட்டுவிட்டார்கள். நொண்டியிடம் என்ன கிடைக்கும்? அவன் கண்ணால் கண்டதை இலாரியா ஊருக்கே சொன்னாள். மக்காரியாவிடமும் வந்து, வாசலுக்குக் கீழே நின்று, கூப்பிடாமல், அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுக்க. உன் புருஷன மல்லாக்கப் படுக்கப்போட்டு, வாயில மூங்கில் குழாயச் செருகி, தண்ணிய ஊத்துறாங்க. வயிறு பானையாட்டம் ஊதுற வரைக்கும் ஊத்திட்டு, அது மேல ஏறி மிதிக்கிறாங்க. திரும்பவும் ஊத்துறாங்க. என் தம்பிய உக்கார வச்சுப் பார்க்கச் சொன்னாங்களாம்."

மக்காரியா வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன் புருஷன் வாயத் திறக்கல. ஒரு வார்த்த குடுக்கல" என்றாள் இலாரியா. "அவன் குடுக்கல."

எங்கள் ஊரில் அதற்குப் பிறகு யாரும் வாசலில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் வராது. "தாவோ போ" என்ற சத்தம் கேட்டால் குழந்தைகள் பாய்க்கடியில் புகுந்தன. கொஞ்ச நாள் இருமிப் பார்த்தார்கள், ஏணியைத் தட்டிப் பார்த்தார்கள். சிப்பாய்க்கு இரும வராதா, தட்ட வராதா? கடைசியில் எல்லோரும் கூப்பிடாமலே நேராக ஏறி நுழைய ஆரம்பித்தார்கள். பூட்ஸ் மட்டும்தான் இல்லை. சொல்லைக் கொடுத்தால் குறையாது என்று சொன்னவர்களை அன்று எங்கள் தெருவில் ஒரு நடை நடக்க விட்டிருக்க வேண்டும்.

கோடைக்கு மலையில் இருந்த தளபதி சரணடைந்தார். சோறில்லாமல் எத்தனை நாள் மலையைக் கட்டிக்கொண்டு கிடக்க முடியும்? ஊரைச் சுற்றியிருந்த கோடும் போயிற்று. பிடிபட்டவர்களைச் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக விடுவார்கள் என்று பேச்சு வந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. பட்டாளம் கப்பலேறப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. ஹாலிஸ் தெருவில் நின்று, இழுத்து வைத்த ஏணியைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான்:

"கடைசிச் சட்டை ரெண்டு இருக்கு. புறப்படுற அன்னைக்கு வந்து வாங்கிக்கறேன். சொல்லிக்காம போகமாட்டேன்!"

மக்காரியா அந்த நாளுக்குத் தயாரானாள். துணி அலசிய அழுக்குத் தண்ணீர், கஞ்சி, சவக்காரச் சக்கை, அடுப்புச் சாம்பல், எல்லாவற்றையும் பெரிய மரத்தொட்டியில் கரைத்து வாசல் ஓரத்தில் வைத்தாள். சுட்டுவிடுவான் என்று தெரியும். சுடட்டும். அவன் நாட்டில் போய் நின்று எங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த நாற்றமும் கூட வர வேண்டும். அவளுக்கு வேறு ஆசை மிச்சமில்லை. சிக்ஸ்தோ உயிரோடு இருக்கிறான் என்று நம்பவும் பயம், இல்லையென்று நம்பவும் பயம். அவனை நினைக்காமலிருக்க அந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கொம்பு ஊதியது. கோயில் மைதானத்தில் மூட்டை கட்டுகிற கூச்சல் ஆற்றங்கரைவரை கேட்டது. மக்காரியா தொட்டியைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

கீழே காலடிச் சத்தம். தேய்த்துத் தேய்த்து வந்த காலடி. அதை அவள் கவனிக்கவில்லை. நின்றது. தொண்டையைச் செருமியது.

"தாவோ போ…"

கரகரத்த குரல், உடைந்த மூங்கில் குழாயில் காற்று போகிற மாதிரி. கடைசியில் ஒரு இழுப்பு. கேலி வேறா, போகிற அன்றைக்கு? மக்காரியா எழுந்தாள். எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கி, அப்படியே தலைகுப்புறக் கவிழ்த்தாள்.

திட்டு வரும் என்று காத்திருந்தாள். துப்பாக்கிச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு ஒரு சத்தம். கழுத்தை நெரிக்கும்போது ஆடு போடுகிற சத்தம்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

கீழே சேற்றில் ஒருவன் சுருண்டு கிடந்தான். முழங்காலை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தான். கிழிந்த சட்டை. எலும்பு. தண்ணீர் தலையிலிருந்து வழிய வழிய, கையை இன்னும் இறுக்கினான்.

மக்காரியா ஏணியை இறக்கவில்லை. மேலேயிருந்து குதித்தாள்.

"ஐயோ, நான்தான்யா! நான்தான்! பாரு என்னய, மக்காரியா! வீட்டுத் தண்ணிய்யா, துணி அலசுன தண்ணி, அது இல்ல, அது இல்ல… கைய எடு ராசா, மூச்சு விடு, மூச்சு விடு…"

இரண்டு வருஷம் அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த தோள். அதைப் பிடித்து உலுக்கினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் கையை விலக்கப் பார்த்தாள். துணி பிழிந்து உரமேறிய அவள் கைக்கே அது அசையவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் தலைகள் தெரிந்தன. இலாரியா தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அப்போதுதான் பட்டாளம் சாலையில் திரும்பியது. வரிசை வரிசையாக, துறைமுகத்தைப் பார்த்து, பாட்டும் சிரிப்புமாக. யாரோ ஏதோ கத்த, வரிசை முழுக்க "பூன்டாக்ஸ்!" என்று பதில் கொடுத்தது. நெட்டை உருவம் ஒன்று வரிசையிலிருந்து தலையை நீட்டி, தொப்பியைக் கழற்றி, தெரு முழுவதையும் பார்த்து உயர ஆட்டியது. சட்டைகளை மறந்தே போயிருந்தான்.

"தாவோ போ!" என்று கத்தினான், நல்ல குரலில், நல்ல உச்சரிப்பில். போய் வருகிறேன் என்று சொல்கிறானாம்.

தெருவில் ஒரு வீடும் பதில் சொல்லவில்லை. சேற்றில் கிடந்தவன் இன்னும் சுருண்டான்.

பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறையும்வரை மக்காரியா அவன் மேல் கவிழ்ந்தபடி கிடந்தாள். பிறகு அவன் காதோடு வாயை வைத்து, அத்தனை மாதமும் யாருக்கும் சொல்லாத பதிலை, புருஷனிடம் எந்தப் பெண்ணும் சேர்க்காத மரியாதையையும் சேர்த்துச் சொன்னாள்.

"தூலோய் போ. தூலோய் போ. உள்ள வாங்க."

திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் வாயிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தான்.